குழந்தையோடு ஓர் எறும்பின் பின்னால்

குழந்தைக்கு இயற்கையைக் காட்ட வேண்டும் என்றதும் பலருக்கும் காடும் மலையும்தான் நினைவுக்கு வருகின்றன. ஏழெட்டு வயதுவரை ஒரு சுவரோரமே தாராளம் என்பேன். தூரமாகக் கூட்டிப்போனால் நடக்கவே நேரம் சரியாகிவிடும், நின்று பார்க்க முடியாது.

எறும்பிலிருந்து தொடங்குங்கள். கடிக்கிற செவ்வெறும்பு வேண்டாம், கறுப்பெறும்புச் சாரியாகப் பார்த்து, அது போகும் வழியில் ஒரு காகிதத்தை வையுங்கள். முதலில் தடுமாறும். கொஞ்ச நேரத்தில் காகிதத்தின் மேலேயே வரிசை போட்டுவிடும். இப்போது காகிதத்தை மெதுவாகக் குறுக்குவாட்டில் திருப்புங்கள். எறும்புகள் பழைய தடத்திலேயே போய், விளிம்பில் திணறி நிற்கும். ஏன் என்று குழந்தை கேட்டால் உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். சாரியின் குறுக்கே விரலால் அழுத்தித் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். என் மகள் இதைச் செய்துவிட்டு, "தரையில ஏதோ தடவிட்டுப் போகுதும்மா" என்றாள். முன்னே போன எறும்பு விட்ட வாசனையை உணர்கொம்பால் முகர்ந்துதான் பின்னே வருவது நடக்கிறது, அந்த வாசனைப் பொருளின் பெயர் பெரோமோன் என்பதையெல்லாம் அப்புறம்தான் சொன்னேன். அவள் பாதி தூரம் தானே வந்துவிட்ட பிறகு சொன்னதால் மனதில் நின்றது.

அடுத்து, போட்டோ எடுப்பதற்குப் பதில் வரையச் சொல்லுங்கள். பெரும்பாலான குழந்தைகள் எறும்பின் கால்களை வயிற்றில் வரைவார்கள். திருத்தாதீர்கள், லென்ஸைக் கொடுங்கள். லென்ஸைக் கண்ணுக்கு ஒட்டினாற்போல் பிடித்துக்கொண்டு பொருளைத்தான் கிட்டே கொண்டுவர வேண்டும். லென்ஸ் வழியே சூரியனைப் பார்க்கவே கூடாது. ஆறு கால்களும் நடுப்பகுதியிலிருந்துதான் கிளம்புகின்றன என்று அவர்களே கண்டுகொள்வார்கள். சிலந்திக்கு எட்டு கால் என்பதும் இப்படித்தான் பிடிபடும்.

மழை படாத புழுதி மண்ணில் புனல்போலச் சின்னக் குழிகள் இருந்தால் விட்டுவிடாதீர்கள், அடியில் குழியானை என்ற பூச்சியின் புழு இருக்கும். புல் நுனியால் நாலைந்து மணலைத் தள்ளிவிட்டால், எறும்பு விழுந்தது என்று நினைத்து அது மண்ணை வாரி எறியும். அதுவே வளர்ந்து தட்டான்போல இறக்கையோடு பறக்கும் என்றால் எந்தக் குழந்தையும் நம்பாது!

கல்லைப் புரட்டுவது பெரியவர் வேலை. எதிர்ப்பக்க விளிம்பைக் கம்பால் நம் பக்கமாகத் தூக்குங்கள். அடியில் பாம்போ தேளோ இருந்தால் நமக்கும் அதற்கும் நடுவில் கல் இருக்கும். பார்த்ததும் கல்லை மெதுவாகப் பழையபடி வைத்துவிட வேண்டும். ஈரம் காய்ந்தால் மண்புழுவுக்கு மூச்சே போய்விடும், அது தோலால்தானே சுவாசிக்கிறது. பொந்தில் கைவிடுவது, தெரியாத காயைத் தின்பது, ரோமமுள்ள கம்பளிப்பூச்சியைத் தொடுவது இவற்றுக்கெல்லாம் கண்டிப்பாகத் தடை.

ரோமமில்லாத பட்டாம்பூச்சிப் புழுவை வீட்டில் வளர்க்கலாம். எந்தச் செடியில் எடுத்தீர்களோ அதே செடியின் இலையைத் தினமும் புதிதாகப் போடுங்கள், வேறு இலையைப் பெரும்பாலும் தொடாது. காற்று போகும் டப்பா, உள்ளே சாய்வாக ஒரு குச்சி போதும். கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்ததும் இறக்கை ஈரமாகச் சுருங்கித்தான் இருக்கும், உதவுகிறேன் என்று யாரும் தொடக் கூடாது. அது தொங்கி விரிந்து காயும்வரை காத்திருந்து, மழையில்லாத நேரத்தில் டப்பாவை வெளியே திறந்து வையுங்கள்.