வீட்டில் பக்திப் பாடல் பதிவுக்கூடம் அமைக்கும் முறை

பக்திப் பாடல்களை வீட்டிலேயே பதிவு செய்ய விரும்புவோர், கருவிகளை வாங்குவதற்கு முன் அறையைத்தான் கவனிக்க வேண்டும். வெற்றுச் சுவரும் பளிங்குத் தரையும் குரலை எதிரொலித்துப் பாடலின் சொற்களைக் குழப்பிவிடும் என்பதால், சாலையை ஒட்டாத சிறிய அறையில் ஜமுக்காளம் விரித்து, கனமான திரைகளைத் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பாடுவது நல்லது.

குரலுக்கு, முன்பக்க ஒலியையே அதிகம் வாங்கும் கார்டியாய்டு வகைக் கண்டென்சர் மைக் ஒன்றும், அதற்கு 48 வோல்ட் மின்சாரம் தந்து ஒலியைக் கணினிக்கு அனுப்பும் ஆடியோ இன்டர்ஃபேஸும் போதும். வாயிலிருந்து ஏறத்தாழ ஒரு சாண் தொலைவில் மைக்கை நிறுத்தி, இடையே மூச்சுக்காற்றைத் தடுக்கும் வலைத்திரையான பாப் ஃபில்டரைப் பொருத்தினால் பகர ஒலிகள் வெடிக்காது. மிருதங்கமும் உடன் வாசிப்பதாக இருந்தால், அதன் வலப்பக்கமான வலந்தலைக்கும் இடப்பக்கமான தொப்பிக்கும் தனித்தனி மைக் வைப்பதே சிறப்பு. ஆகவே தொடக்கத்திலேயே நான்கு உள்ளீடுகள் கொண்ட இன்டர்ஃபேஸை வாங்கிவிடலாம். ஜால்ராவைப் பிறகு தனியாகப் பதிவு செய்ய வேண்டும். அதன் கூர்மையான ஒலி எல்லா மைக்குகளிலும் புகுந்துவிட்டால் பின்னர் பிரித்தெடுப்பது மிகக் கடினம்.

சுருதியில் சமரசமே கூடாது. மின்னணுத் தம்புராவை ஒலிபெருக்கியில் அல்லாமல், காதை முழுதும் மூடும் ஹெட்போனில் கேட்டபடி பாடினால், பதிவில் குரல் மட்டும் தூய்மையாக நிற்கும். தம்புராவின் ஒலியைத் தனித் தடத்தில் சேர்த்துக்கொள்ளலாம். பதிவு மென்பொருளில் தரத்தை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என வைத்து, அதன் அளவுகாட்டியில் உச்ச ஒலி மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாதவாறு பதிவு செய்தால் உச்சஸ்தாயியிலும் குரல் சிதையாது. சுருதி திருத்தும் மென்பொருளை அறவே தவிர்க்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. அது சுரங்களை அசைத்துப் பாடும் கமகங்களைப் பிழையெனக் கொண்டு தட்டையாக்கிவிடும்.