நிக்கோட்டின் கம்: மெல்வதில்தான் விஷயம்

பெங்களூரு அல்சூர் டீக்கடையில் ஒரு கையில் டீயும் மறு கையில் சிகரெட்டுமாக நின்றவர், சிகரெட்டை விட்டுவிட நினைத்து நிக்கோட்டின் கம் (சிகரெட் ஏக்கத்தைத் தணிக்கும் மெல்லும் மருந்து) வாங்குவார். "விக்கல் வருது, தொண்டை எரியுது" என்று இரண்டே நாளில் தூக்கிப் போடுவார். பபிள்கம் மாதிரி மென்றால் அப்படித்தான். மருந்து எச்சிலோடு வயிற்றுக்குப் போய்விடும். அது உள்கன்னத்தின் வழியாக ரத்தத்தில் ஏற வேண்டும். மெதுவாகக் கடியுங்கள். சுருக்கென்றதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்குங்கள். சுருக்கு அடங்கினால் மறுபடி கடித்து, இடம் மாற்றுங்கள். ஒரு கம் அரை மணி நேரம். அதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே டீ, காபி வேண்டாம் (ஃபில்டர் காபியும்தான்!), மருந்து ஏறாது. எழுந்த 30 நிமிடத்துக்குள் முதல் சிகரெட் பற்றவைப்பவருக்கு 4 மி.கி., மற்றவர்களுக்கு 2. இதயக் கோளாறு இருந்தால் டாக்டரிடம் கேட்டபின். சிகரெட் பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் 1800-11-2356, புகையை விட உதவும் இலவச எண்.