சைக்கிளுக்குக் கிராவல் டயர் (சரளைப் பாதை டயர்) வாங்கும் முன் ரிம்மின் உள்ளகலத்தை அளந்துவிடுங்கள்

போன ஜூன் மாதம், குமரி மாவட்டம் திருவட்டாரிலிருந்து மாத்தூர் பக்கம் போகும் சானல் கரையில் ஒரு வளைவில் சைக்கிளோடு விழுந்தேன். வேகம் அதிகமில்லை. மழையில் செம்மண் சரளை ஊறிக் கிடந்தது. ஹேண்டிலைத் திருப்பினேன்; ரிம் திரும்பிவிட்டது, டயர் பக்கவாட்டில் மடங்கிக்கொண்டு பின்னாலேயே நின்றுவிட்டது போல இருந்தது. ரப்பர் தோட்டத்திலிருந்து இறங்கி வந்த அண்ணாச்சி ஒருவர் என்னைத் தூக்கிவிட்டு, டயரைப் பெருவிரலால் அமுக்கிப் பார்த்து, "காத்து கொறவா இருக்குல்லா மக்கா" என்றார்.

காற்று சரியாகத்தான் இருந்தது, 35 பி.எஸ்.ஐ. 45 மிமீ டயருக்கு அது போதும். பிசகு ரிம்மில். அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. உங்களுக்கு அரை மணி நேரம் போதும்.

(டயர் கழற்றி மாட்டத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.)

படி 1: டயரில் உள்ள எண்

டயரின் பக்கச்சுவரில் பல எண்கள் இருக்கும். 40-622 என்பது போன்ற ஒன்றை மட்டும் பாருங்கள். 40 என்பது டயரின் அகலம். 622 என்பது டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம். இரண்டும் மில்லிமீட்டரில். 700சி, 29 இஞ்ச் இரண்டுமே 622தான். 650பி, 27.5 இரண்டும் 584. விட்டம் ஒத்துவராவிட்டால் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம்.

படி 2: ரிம்மை அளப்பது

நான் வழுக்கியது இங்கேதான். டயரைக் கழற்றச் சோம்பல். ரிம்மின் வெளிப்பக்கம் ஸ்கேல் வைத்தேன், 22 மிமீ. "இரண்டு மடங்கு 44, அப்போ 45 டயர் தாராளமாகப் போடலாம்" என்று கணக்குப் போட்டு ஆர்டர் செய்துவிட்டேன்.

தேவையானது வெளி அகலம் அல்ல, உள்ளகலம். டயரின் விளிம்பைப் பிடித்துக்கொள்ள ரிம்மின் இரு சுவர்களிலும் உட்பக்கமாக ஒரு சிறு கொக்கி இருக்கும். ஒரு கொக்கியின் நுனியிலிருந்து எதிர்க் கொக்கியின் நுனி வரை உள்ள இடைவெளிதான் உள்ளகலம். சுவருக்கும் தடிமன் உண்டு அல்லவா? இரண்டு பக்கமும் சேர்த்து என் ரிம்மில் அதுவே 5 மிமீ தின்றுவிட்டது. மிச்சம் 17.

டயரைக் கழற்றியே ஆக வேண்டும். வெர்னியர் காலிப்பரின் (மில்லிமீட்டர் துல்லியமாக அளக்கும் கருவி) மேல்பக்கம் இருக்கும் சின்னத் தாடைகளை உள்ளே விட்டு விரியுங்கள். ரிம் இணைப்பு இருக்கும் இடத்தை விட்டுவிட்டு மூன்று இடங்களில் அளங்கள். தையல் டேப்பை மட்டும் எடுக்காதீர்கள், 2 மிமீ தவறினாலே கணக்கு கெட்டுவிடும். எனக்குப் பிடித்தது பேட்டரி இல்லாத எஃகு வெர்னியர்தான். டிஜிட்டல் ஒன்று வைத்திருந்தேன், எங்கள் கடலோர உப்புக் காற்றில் ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை.

ரிம்மிலேயே 622 × 19 என்று பொறித்திருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்: 19தான் உள்ளகலம்.

படி 3: பெருக்கல்

உள்ளகலத்தை 1.6 ஆல் பெருக்கினால் கீழ் எல்லை, 2.1 ஆல் பெருக்கினால் மேல் எல்லை. கம்பெனி அட்டவணைகள் இதைவிடத் தாராளமாக இருக்கும். தார் ரோட்டில் நிறையக் காற்று அடித்து ஓட்டினால் அதுவும் நடக்கும். காற்றைக் குறைத்துச் சரளையில் ஓட்டுகிறவர்கள் இந்த எல்லைக்குள் இருப்பதே நல்லது என்பது என் கட்சி.

17 மிமீ ரிம்முக்கு 28 முதல் 35
19க்கு 31 முதல் 40
21க்கு 34 முதல் 44
23க்கு 37 முதல் 48
25க்கு 40 முதல் 52

நான் போட்டிருந்தது 17க்கு 45, அதாவது 2.6 மடங்குக்கும் மேல். குறுகிய ரிம்மில் பெரிய டயர் குண்டு பல்பு மாதிரி, அடி ஒடுங்கி மேலே பருத்து நிற்கும். வளைவில் அந்தப் பருத்த பகுதி பக்கவாட்டில் சாயும். தலைகீழாக, அகல ரிம்மில் ஒல்லி டயர் போட்டால் பக்கச்சுவர் இழுபட்டு, ரிம்மின் ஓரம் கல்லில் அடிவாங்கும். கீரிப்பாறை பக்கத்து எஸ்டேட் பாதைகளில் இதுதான் பெரிய தொல்லை.

படி 4: ஃபிரேமில் இடம்

டயருக்கும் செயின்ஸ்டேக்கும் (பெடல் அச்சிலிருந்து பின் சக்கர அச்சுக்குப் போகும் ஃபிரேம் குழாய்) நடுவே ஒவ்வொரு பக்கமும் 4 மிமீயாவது வேண்டும். நான் 6 விடுவேன். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் நம்முடையது, செம்மண் சேறு அப்பிக்கொண்டால் 4 மிமீ எங்கே போனதென்று தெரியாது.

ஒன்றை மறக்க வேண்டாம்: ரிம்மின் உள்ளகலம் 1 மிமீ கூடினால், அதே டயர் ஏறக்குறைய 0.4 மிமீ பருக்கும். 19 ரிம்மில் 40 காட்டுகிற டயர் 25 ரிம்மில் 42ஐத் தாண்டிவிடும். காற்றடித்து ஒரு நாள் வைத்திருந்து மறுபடி அளங்கள், புது டயர் இன்னும் கொஞ்சம் விரியும்.

பிற்சேர்க்கை 1: "அப்பாவின் பழைய சைக்கிள் 28 இஞ்ச், 700சியும் 28 இஞ்ச்தானே, கிராவல் டயர் ஏன் ஏறவில்லை?" என்று மார்த்தாண்டத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். நம்மூர்ப் பழைய சைக்கிளின் 28 × 1½ என்பது 635 மிமீ. 622ஐவிட 13 மிமீ பெரிது. லீவரை வைத்து நெம்பி டயரைக் கிழித்துவிடாதீர்கள், ஏறவே ஏறாது.

பிற்சேர்க்கை 2: கொக்கியே இல்லாத ரிம் வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் எழுதினார்கள். அப்போது சுவரிலிருந்து சுவருக்கு அளந்தால் சரி. ஆனால் அதில் எல்லா டயரும் போடக்கூடாது. கொக்கியில்லா ரிம்முக்கு ஏற்றது என்று டயர் கம்பெனியே சொல்லியிருக்கும் ட்யூப்லெஸ் டயர் மட்டும்தான். காற்றும் 5 பாருக்கு, அதாவது சுமார் 72 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகக்கூடாது. டயரிலோ ரிம்மிலோ அதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் அந்த எண்தான் கணக்கு. பெட்ரோல் பங்க் குழாயில் அடிக்கிறவர்கள் கேஜைப் பார்த்துக்கொண்டே அடியுங்கள்.

என் வண்டியில் இப்போது 35 மிமீ ஓடுகிறது. அந்த 45 ஜோடி வீட்டுப் பரணில் கிடக்கிறது, 23 மிமீ ரிம்முக்குக் காசு சேரும்வரை.