மாடிக்குப் போன தேக்குப் பலகை

கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக் கீழறைக்கு முழுத் தேக்குப் பலகைதான் வேண்டும் என்று அடம்பிடித்தவன் நான். சிவப்பு ஆக்சைடு தரையே போதும் என்றார் அம்மா, கேட்கவில்லை. ஐப்பசி அடைமழையில் ஒவ்வொரு பலகையும் ஓரம் தூக்கி, மல்லாத்திப் போட்ட நாட்டு ஓடு மாதிரி குழிந்துவிட்டது. இழைத்துச் சமன் செய்துவிடலாம் என்றார் ஆசாரி. நல்லவேளை, தடுத்தேன். ஈரத்தோடு இழைத்தால், காய்ந்த பிறகு நடுப்பகுதி மேடாகிவிடும்.

நாலைந்து பலகையைப் பெயர்த்து, சிமெண்டுத் தரையில் ஓரடிச் சதுர பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டினேன். மறுநாள் தாளின் அடியில் முத்துமுத்தாகத் தண்ணீர். ஈரம் கீழிருந்துதான் ஏறியிருக்கிறது. மரமோ நீளவாக்கில் அவ்வளவாக நீளாது, அகலவாக்கில்தான் உப்பும்.

எல்லாவற்றையும் பெயர்த்து, கோடையில் உலர்த்தி, மாடி அறையில் போட்டோம். அங்கே இதுவரை தொந்தரவில்லை. கீழே தரை நன்றாகக் காய்ந்ததும் கனமான பாலித்தீன் விரித்து எஞ்சினியர்டு வுட். மேலே 4 மி.மீ. தேக்கு, அடியில் ஒட்டுப்பலகை. அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக இருப்பதால் அதிகம் உப்புவதில்லை. சுவரோரம் 10 மி.மீ. இடைவெளி விட்டு ஸ்கர்ட்டிங்கால் மறைத்தோம். முழுத் தேக்குப் பலகை மாதிரி பல முறை இழைக்க முடியாது, அதுதான் குறை.

அம்மா மட்டும் இன்னும் கூடத்துச் சிவப்புத் தரையில்தான் படுக்கிறார்.