41 நாளா, 351 நாளா? பருவநிலைத் தரவைத் தமிழில் தகவல்படமாக்கும் முறை

சிங்கப்பூரின் மூன்றாவது தேசியப் பருவநிலை மாற்ற ஆய்வு 2024 ஜனவரியில் வெளியானது. வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாள்கள் அண்மைக் காலத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 21 அளவில் இருந்தன. நூற்றாண்டின் இறுதிக்குள் அவை 41 முதல் 351 வரை ஆகலாம் என்கிறது அந்த ஆய்வு. இதைப் படமாக்கச் சொன்னால் 351 என்ற எண் மட்டும் பெரிதாக, சிவப்பில், தீப்பிழம்போடு வந்து நிற்கும். அந்த எண் ஆய்வில் இருப்பதுதான். ஆனால் 41இலிருந்து 351 வரை உள்ள தூரம், உலகம் இனி எவ்வளவு பசுமை இல்ல வாயுவை வெளியிடப்போகிறது என்பதைப் பொறுத்தது. படத்தைப் பார்ப்பவர் அறிய வேண்டியதே அதுதான். 351ஐ மட்டும் போட்டால் 'எப்படியும் எல்லாம் போச்சு' என்று எண்ணிக் கடந்துபோவார். 41ஐ மட்டும் போட்டால் கவலையே படமாட்டார்.

இந்தத் தரவையே எடுத்துக்காட்டாக வைத்து, கைப்பேசிக்கு ஒன்றும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் மின்தூக்கி அருகே உள்ள அறிவிப்புப் பலகைக்கு ஒன்றுமாக, தகவல்படம் செய்யும் வழியைப் பார்ப்போம்.

மென்பொருளைத் திறக்குமுன் ஒரு வாக்கியம்

படம் சொல்லப்போவதை முழு வாக்கியமாக எழுதுங்கள். 'பருவநிலை மாற்றமும் சிங்கப்பூரும்' என்பது வாக்கியம் அன்று, பாடநூல் அத்தியாயத்தின் தலைப்பு. 'சுட்டெரிக்கும் நாள்கள் ஆண்டுக்கு 41ஆ 351ஆ என்பது உலகம் வெளியிடும் வாயுவைப் பொறுத்தது' என்பது வாக்கியம். அதுவே படத்தின் தலைப்பாகவும் இருக்கட்டும். வாக்கியத்தில் 'மேலும்' என்று வந்தால் இரண்டு படங்கள் தேவை. கடல்மட்டம், மழை, கரிம வரி, மறுசுழற்சி எல்லாவற்றையும் ஒரே தாளில் அடைத்த படம் ஒன்றையும் சொல்லாது.

வினைமுற்றில் கவனம் வேண்டும். '351 நாள்கள் ஆகும்' என்று எழுதினால் முடிவான செய்தியாகிவிடும். எதிர்காலக் கணிப்புக்கு 'ஆகலாம்'. அளந்து பதிவானதற்கு 'ஆனது', 'பதிவானது'. இந்த இரண்டையும் ஒரே படத்தில் கலந்தால், படிப்பவருக்கு அளவீடு எது, கணிப்பு எது என்று தெரியாமல் போகும்.

எண்களை எடுக்கும்போது

சிங்கப்பூர் வானிலை ஆய்வகம் தரும் ஆண்டுச் சராசரியும் ஒரு நாளின் உச்சமும் வேறு வேறு வகை எண்கள். 37.0 டிகிரி என்ற உச்சம் 1983 ஏப்ரல் 17இல் தெங்காவில் பதிவானது. 2023 மே 13இல் அங் மோ கியோவில் அதே அளவு மறுபடியும் பதிவானது. ஆண்டுச் சராசரியோ சாங்கி நிலையத்தினுடையது: 1991 முதல் 2020 வரையிலான சராசரி 27.8 டிகிரி, 2024இல் 28.4. 37.0 என்ற உச்சத்தை இந்தச் சராசரிகளோடு ஒரே கோட்டில் வைக்க முடியாது. இடமும் வேறு, அளப்பதும் வேறு.

பழைய பதிவுகளிலும் ஒரு சிக்கல் உண்டு. இங்கு வெப்பநிலைப் பதிவு 1929இல் தொடங்கி, போர்க்காலத்தில் விட்டுப்போயிருக்கிறது. அட்டவணை மென்பொருள் அந்த வெற்று ஆண்டுகளின் இரு முனைகளையும் தானாகவே கோடு போட்டு இணைத்துவிடும். சில சமயம் பூச்சியமாகக்கூட எடுத்துக்கொள்ளும். வெற்றிடத்தை வெற்றிடமாகவே விட்டு, 'பதிவு இல்லை' என்று எழுதுங்கள்.

எளிதில் வரும் ஒரு தவறு இது: இங்கே 'கரிம வெளியேற்றம்' என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் கரிமத்தின் எடையும் கரியமில வாயுவின் எடையும் ஒன்றல்ல. 12 டன் கரிமம் எரிந்தால் 44 டன் கரியமில வாயு. ஒன்றை மற்றதாக எழுதினால் எண் 3.67 மடங்கு தவறும். மூலத்தில் எது இருக்கிறது என்று பார்த்து, அலகோடு முழுமையாக எழுதுங்கள். பெரிய எண்களுக்குச் சிங்கப்பூர் வாசகருக்கு மில்லியன்தான் பழக்கம். சிங்கப்பூரின் 2030க்கான வெளியேற்ற இலக்கு சுமார் 60 மில்லியன் டன். அதை ஆறு கோடி என்று மாற்றினால் நின்று யோசிப்பார்.

வரைபடம் எங்கே பொய் சொல்கிறது

பட்டையின் நீளம்தான் அதன் பொருள். 27.8, 28.4 இரண்டையும் பூச்சியத்திலிருந்து வரைந்தால் ஒரே உயரமாகத் தெரியும். செங்குத்து அச்சை 27.5இல் தொடங்கினால் இரண்டாவது பட்டை மூன்று மடங்கு உயரமாக நிற்கும். முதல் படம் மாற்றத்தை மறைக்கிறது, இரண்டாவது ஊதிக் காட்டுகிறது. சரியான வழி, சராசரியிலிருந்து எவ்வளவு விலகியது என்பதை வரைவது: 27.8ஐப் பூச்சியக் கோடாக வைத்து, 2024க்கு +0.6 என்ற பட்டை. பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட் ஹாக்கின்ஸ் 2018இல் பரவலாக்கிய வெப்பப் பட்டைகள் இந்த விலகலை நிறமாக மட்டும் காட்டுகின்றன. பார்த்த கணத்தில் போக்கு புரியும், ஆனால் அவற்றிலிருந்து எண்ணைப் படிக்க முடியாது. கண்ணை ஈர்க்க அதை மேலே வைத்து, எண்ணுக்குக் கீழே கோட்டு வரைபடம் ஒன்று வையுங்கள்.

வெப்பநிலை உயர்வை விழுக்காட்டில் எழுதவே கூடாது. 27.8இலிருந்து 28.4 என்பது செல்சியஸில் 2.2 விழுக்காடு, அதே உயர்வு ஃபாரன்ஹீட்டில் 1.3 விழுக்காடு. ஒரே வெப்பத்துக்கு இரண்டு விடை வந்தால் அந்தக் கணக்குக்குப் பொருளில்லை என்றுதான் அர்த்தம்.

வட்டங்களால் ஒப்பிடுவதானால், இரு மடங்கு அளவுக்கு ஆரத்தை இரு மடங்காக்காதீர்கள். பரப்பு நான்கு மடங்காகிவிடும். ஆரம் 1.41 மடங்கு போதும்.

கடல்மட்டப் படங்களில்தான் நல்ல எண்ணம் உள்ளவர்களும் அதிகம் தவறுகிறார்கள். சிங்கப்பூரின் சுமார் 30 விழுக்காட்டு நிலம், சராசரிக் கடல்மட்டத்துக்கு மேல் 5 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. உடனே தீவின் மூன்றில் ஒரு பங்குக்கு நீலம் பூசிவிடுகிறார்கள். ஆனால் அதே தேசிய ஆய்வு 2100க்குள் எதிர்பார்க்கும் உயர்வு, 1995 முதல் 2014 வரையிலான மட்டத்தோடு ஒப்பிட, 0.23 முதல் 1.15 மீட்டர் வரை. தாழ்நிலத்துக்கு ஆபத்து, இந்த உயர்வோடு பெரிய ஓதமும் (கடலேற்றமும்) காற்றால் பொங்கும் நீரும் ஒன்றாகச் சேரும் வேளைகளில்தான் கூடுகிறது. ஆகவே அந்த நிலத்தை 'தாழ்வான பகுதி' என்று சாம்பலிலோ மணல் நிறத்திலோ காட்டுங்கள்; 'மூழ்கும் பகுதி' என்று எழுதாதீர்கள். இடுப்பளவு நீரில் ஆள் நிற்பதுபோல வரைவதும் இதே தவறுதான். கடல்மட்டம் ஒரு மீட்டர் உயர்ந்தால் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு மீட்டர் நீர் நிற்கும் என்று பொருளாகாது. கரைச்சுவர் ஒன்றை வரைந்து, அதன்மேல் 0.23இலிருந்து 1.15 வரை ஒரு பட்டையாக நிறம் பூசினால் போதும்.

365 கட்டங்கள்

மிகு வெப்ப நாள்களுக்கு வருவோம். நாளை எண்ணுவதற்குக் கட்டங்களைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை. ஆனால் மாதநாள்காட்டி வரையாதீர்கள். எந்தத் தேதியில் வெயில் அடிக்கும் என்று சொல்வதுபோல் ஆகிவிடும்.

படத்தின் அளவு 1080 பிக்சல் அகலம், 1350 உயரம். ஒரு தொகுதிக்கு 37 நெடுவரிசை, ஒவ்வொன்றிலும் 10 கட்டம், கடைசி வரிசையில் மட்டும் 5: மொத்தம் 365. கட்டம் 22 பிக்சல், இடைவெளி 4. தொகுதியின் அகலம் 958, உயரம் 256. இரு பக்கமும் 61 பிக்சல் ஓரம் கிடைக்கும். மூன்று தொகுதிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால் 768. மீதி 582இல் தலைப்புக்கு 220, மூன்று விளக்க வரிகளுக்கு 180, மூலக்குறிப்புக்கு 100, இடைவெளிகளுக்கு 82.

இடப்பக்கத்திலிருந்து நெடுவரிசையாக நிறம் நிரப்புங்கள். 'இப்போது' தொகுதியில் 2 வரிசையும் 1 கட்டமும் (21). 'வெளியேற்றம் விரைவாகக் குறைந்தால்' தொகுதியில் 4 வரிசையும் 1 கட்டமும் (41). 'வெளியேற்றம் மிகுந்துகொண்டே போனால்' தொகுதியில் 35 வரிசையும் 1 கட்டமும் (351). நிரம்பாதவை வெளிர்சாம்பல். மூன்றுக்கும் ஒரே நிறம், ஒரே அளவு. மூன்றாவதை மட்டும் பெரிதாக்க மனம் தூண்டும், வேண்டாம். கட்டங்களே அந்த வேலையைச் செய்துவிடும்.

இரண்டாவது, மூன்றாவது தொகுதிகள் கணிப்பின் இரு எல்லைகள் என்று விளக்க வரியில் குறிப்பிடுங்கள். '21' எந்த ஆண்டுகளின் சராசரி என்பதை மூலத்தில் உள்ளபடியே மூலக்குறிப்பில் எழுதுங்கள்.

நிறம்

வெப்பநிலைக்கு நீலம்–சிவப்பு, மழைக்குப் பழுப்பு–பச்சை என்பது பருவநிலை அறிவியலில் நிலைத்துவிட்ட வழக்கம். மழைக்கும் நீலத்தை எடுத்தால், குளிரா ஈரமா என்று படிப்பவர் தடுமாறுவார். வானவில் நிறவரிசை வேண்டாம்: மஞ்சள் இருக்கும் இடத்தில், தரவில் இல்லாத விளிம்பு ஒன்று தெரியும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள், குறிப்பாக ஆண்கள், நம்மிடையே கணிசமாக இருக்கிறார்கள். படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள்; அப்போதும் புரிந்தால் நிறத்தேர்வு சரி. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1. வெள்ளையின்மேல் மஞ்சள் எழுத்து இதில் ஒருபோதும் தேறாது.

தமிழ் எழுத்து

நான்கு மொழிப் பலகைகளில் ஆங்கிலத்துக்கு அளந்த பெட்டிக்குள் தமிழைத் திணிப்பதால்தான் நம் எழுத்து எப்போதும் சிறுத்துப்போகிறது. தமிழ் வரியை முதலில் அமைத்து, பெட்டியை அதற்கேற்ப வரையுங்கள். வரி இடைவெளி எழுத்தளவைப்போல் ஒன்றரை மடங்கு இருக்கட்டும். இல்லையேல் மேல்வரியின் 'ழு', 'து' கால்கள் கீழ்வரியின் புள்ளியில் முட்டும். எழுத்திடை வெளியைக் கூட்டாதீர்கள். கொம்பும் காலும் எழுத்தைவிட்டு விலகி நிற்கும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை ஆகிய இலவச எழுத்துருக்களில் பல தடிமன்கள் உண்டு.

1080 பிக்சல் படம் கைப்பேசியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். ஆகவே விளக்க வரிக்கு 48 பிக்சலுக்குக் குறையாமலும் மூலக்குறிப்புக்கு 36க்குக் குறையாமலும் வையுங்கள்.

அடோபி இல்லஸ்ட்ரேட்டரில் தமிழை ஒட்டியதும் 'கொ' உடைந்து, கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால், பத்தி அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான வரியமைப்பியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பொது இடங்களில் கண்ணில்படும் சிதைந்த தமிழில் பெரும்பகுதி இப்படி வந்ததுதான். தமிழ் தெரியாத வடிவமைப்பாளருக்கு அது தவறு என்றே தெரியாது. அதனால் அச்சகத்துக்குப் போகும் கடைசிக் கோப்பைத் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர், எழுத்தெழுத்தாகப் பார்த்தே ஆக வேண்டும். எழுத்துகளை வடிவக்கோடுகளாக மாற்றுவது அதன் பிறகுதான். மாற்றிவிட்டால் திருத்த முடியாது.

இங்கே பலரும் கணக்கும் அறிவியலும் ஆங்கிலத்தில் படித்தவர்கள். 'நேர்மறை விலகல்' என்பதைவிட 'வழக்கத்தைவிட 0.6 டிகிரி கூடுதல்' உடனே புரியும்.

அச்சுக்கும் வாட்ஸ்அப்புக்கும்

கைப்பேசிப் படத்தை அப்படியே ஏ3 தாளுக்குப் பெரிதாக்கினால் அங்குலத்துக்கு 92 பிக்சல்தான் கிடைக்கும், எழுத்து மங்கும். 300 வேண்டுமென்றால் 3508க்கு 4961 பிக்சல் தேவை. இங்க்ஸ்கேப் போன்ற மென்பொருளில் கோட்டுருவமாகவே (எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத வடிவில்) வரைந்தால் இந்தக் கவலை இல்லை. ஏ3 தாள் 4:5ஐவிட உயரம் என்பதால் தலைப்பையும் விளக்கத்தையும் மறுபடி அடுக்க வேண்டும். நான்கு பக்கமும் 3 மிமீ வெட்டு ஓரம் விடுங்கள். மின்தூக்கிக்குக் காத்திருப்பவர் ஒரு மீட்டர் தள்ளி நின்று படிப்பார். விளக்க வரி 20 பாயிண்டுக்குக் கீழே போகக்கூடாது.

வாட்ஸ்அப் படத்தை அழுத்திச் சுருக்கும். 2 பிக்சலைவிட மெல்லிய கோடு காணாமல் போகலாம். உங்கள் கைப்பேசியிலிருந்து இன்னொருவருக்கு அனுப்பி, அவரும் மற்றொருவருக்கு அனுப்பிய பிறகு எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். படம் தனியாகவும் பயணம் செய்யலாம், உங்கள் செய்திவரி கூடப் போகும் என்று சொல்ல முடியாது. அதனால் மூலம், ஆண்டு, தயாரித்த தேதி மூன்றும் படத்துக்குள்ளேயே இருக்க வேண்டும்.

இந்தப் பணியில் பங்கில்லாத ஒருவரிடம் படத்தைப் பத்து விநாடி காட்டி, மறைத்துவிட்டு, 'என்ன சொல்லுது?' என்று மட்டும் கேளுங்கள். வீட்டில் பெரியவர் ஒருவரும் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவரும் என்றால் நல்லது. 'ரொம்ப வெயில் அடிக்கப்போகுது' என்று பதில் வந்தால் தலைப்பும் விளக்க வரிகளும் வேலை செய்யவில்லை. அவற்றை மாற்றி எழுதி வேறொருவரிடம் காட்டுங்கள். 'குறைச்சா இவ்ளோ, குறைக்காட்டி அவ்ளோ' என்று வந்தால் அச்சகத்துக்கு அனுப்பலாம்.