எண்ணெய் பிறந்த கதையில் நாம் செய்யும் தவறுகள்

டைனோசர்கள் மண்ணில் புதைந்து கச்சா எண்ணெயாயின என்று மாணவர்கள் பலர் இன்றும் நம்புகிறார்கள். அமெரிக்காவின் சின்கிளேர் எண்ணெய் நிறுவனம் 1930களில் டைனோசரை வைத்து விளம்பரம் செய்து, பின்னர் அதையே தன் சின்னமாகவும் ஆக்கிக்கொண்டது. ஆயினும் எண்ணெயின் மூலப்பொருள் பெரும்பாலும் கடலிலும் ஏரியிலும் வாழ்ந்த நுண்பாசிகளும் மிதவை உயிரிகளும் பாக்டீரியாக்களுமே ஆகும். ஜெர்மனியின் வேதியியலாளர் ஆல்ஃபிரட் டிரைப்ஸ், பச்சையத்திலிருந்து வந்த போர்ஃபைரின் என்னும் மூலக்கூறுகளை 1930களிலேயே கச்சா எண்ணெயில் கண்டறிந்து, அதன் உயிர்வழித் தோற்றத்துக்கு வலுவான சான்று தந்தார்.

புதைந்ததெல்லாம் எண்ணெயாகிவிடும் என்று எழுதுவதும் பிழை. இறந்த உயிரிகளில் மிகப் பெரும்பகுதி மட்கி, கரியமில வாயுவாகத் திரும்பிவிடுகிறது. ஆக்ஸிஜன் குன்றிய நீரடியில், நுண்ணிய சேற்றோடு படிந்த சிறுபகுதியே எஞ்சுகிறது. அதுவும் நேராக எண்ணெயாவதில்லை. முதலில் கெரோஜென் என்னும் திடப்பொருளாகிக் களிப்பாறைக்குள் சிக்கிக்கொள்கிறது. பல விளக்கங்கள் இந்த இடைநிலையைச் சொல்லாமலே தாண்டிவிடுகின்றன.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, அழுத்தமும் காலமும்தான் எண்ணெயை உண்டாக்குகின்றன என்று நினைப்பதே. முதன்மையான காரணம் வெப்பம். கெரோஜெனின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸில் உடையத் தொடங்கி, 120 டிகிரியை ஒட்டியவரை பெருமளவில் எண்ணெயைத் தருகின்றன. அதற்கு மேல் எண்ணெயும் சிதைந்து வாயுவாகிறது. கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி வரை வெப்பம் கூடும் வழக்கமான இடங்களில், இது சுமார் 2 முதல் 4 கிலோமீட்டர் ஆழம். சர்க்கரைப் பாகுக்குப் பதம் இருப்பது போல இதற்கும் ஒரு பதம் உண்டு. ஆகவே ஆழம் கூடக்கூட எண்ணெயும் கூடும் என்று சொல்லக் கூடாது. காலத்துக்கும் பங்கு உண்டு, ஆனால் போதிய சூடு காணாத பாறை கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்தாலும் எண்ணெய் தராது.

இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள கிம்மரிட்ஜ் களிப்பாறையை இதற்குச் சான்றாகப் பார்க்கலாம். சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்த அந்தக் கரும்பாறையின் சில அடுக்குகள், நெருப்பிட்டால் எரியும் அளவுக்குக் கரிமம் செறிந்தவை. ஆனாலும் அந்தக் கரையில் அது போதிய ஆழம் புதையாததால் எண்ணெய் தரவில்லை. அதே பாறை வடகடலுக்கு அடியில் 3 கிலோமீட்டருக்கும் கீழே அழுந்திய இடங்களில் பக்குவப்பட்டு, 1971இல் கண்டறியப்பட்ட பிரெண்ட் எண்ணெய் வயலை நிரப்பியது.

இயற்கை வாயு முழுவதும் எண்ணெய் சிதைந்து வந்ததென்றும் கொள்ளக் கூடாது. நெதர்லாந்தில் 1959இல் கண்டறியப்பட்ட குரோனிங்கன் வயலின் வாயு, நிலத்தாவரங்களாலான பழைய நிலக்கரிப் படிவுகளிலிருந்து வந்தது. ஆழம் குறைந்த சேற்றிலோ, பெரிய வெப்பம் எதுவும் இல்லாமல், நுண்ணுயிரிகளே மீத்தேனை உண்டாக்குகின்றன.

பூமிக்கடியில் எண்ணெய் ஏரியாகத் தேங்கியிருப்பதாகப் படம் வரைவதையும் கைவிட வேண்டும். தான் உருவான மூலப்பாறையிலிருந்து பிழிந்து வெளியேறும் எண்ணெய், நீரைவிட இலேசானதால் பாறை இடுக்குகள் வழியே மேலேறி, ஊடுருவ முடியாத மூடுபாறை தடுக்கும் இடத்தில் மணற்கல்லின் அல்லது சுண்ணாம்புக்கல்லின் நுண்துளைகளில் தங்குகிறது. தடை இல்லாத இடத்தில் அது தரைக்கே வந்து கசிந்துவிடும்.

எனவே எண்ணெய் கிடைத்த இடத்தையே அது பிறந்த இடமாகக் கருதக் கூடாது. கிம்மரிட்ஜ் விரிகுடாவின் பாறைக்கரை மேலேயே, 1959இல் தோண்டிய எண்ணெய்க் கிணறு ஒன்று இருக்கிறது. அருகில் தெரியும் கரும்பாறைதான் அதற்கு ஊற்று என்று பார்ப்பவர் எவரும் முடிவு கட்டிவிடுவார்; அந்த எண்ணெயோ அதைவிட ஆழத்திலுள்ள, லயாஸ் எனப்படும் இன்னும் பழைய களிப்பாறைகளில் உருவாகி, கரும்பாறைக்குக் கீழே ஒரு சுண்ணாம்புக்கல் அடுக்கில் சேர்ந்தது.