ஜீரோ டர்ன் வாங்கும் முன் கேட்டை அளந்துவிடுங்கள்

வீட்டுப் புல்வெளிக்கு ஜீரோ டர்ன், அதாவது உட்கார்ந்து ஓட்டும், நின்ற இடத்திலேயே திரும்பக்கூடிய புல்வெட்டும் வண்டி வாங்குவதாக இருந்தால், முதலில் பக்கவாட்டு கேட்டை டேப் வைத்து அளந்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள். வண்டியில் 42 அங்குலம் என்று போட்டிருந்தால் அது கத்தி வெட்டும் அகலம் மட்டும்தான். புல்லை வெளியே தள்ளும் மூடி பக்கத்தில் நீட்டிக்கொண்டிருப்பதால் வண்டியின் மொத்த அகலம் அதைவிட அதிகம், மூடியை மேலே மடக்க முடிந்தாலும் இடிக்காமல் ஓட்ட இரு பக்கமும் கொஞ்சம் இடம் வேண்டும். பினாங்கில் மலைச்சரிவை ஒட்டிய வீடு என்றால் கேட் எவ்வளவு அகலமாக இருந்தாலும் சரி, இது வேண்டாம். பின்சக்கரங்கள்தான் வண்டியைத் திருப்புவதும் நிறுத்துவதும், 15 டிகிரிக்கு மேல் சரிவில், அதுவும் மழை பெய்த ஈரப்புல்லில், அவை வழுக்கினால் வண்டி கைக்கு அடங்காது. தாமான் (குடியிருப்புப் பகுதி) வரிசை வீடுகளுக்குத் தள்ளிக்கொண்டு போகும் சின்ன இயந்திரமே போதும்.